பெருக்கக் கூடாத தரை

துடைப்பத்தின் ஓசை அன்று தவறான திசையிலிருந்து வந்தது.

எங்கள் வீட்டில் பொழுது புலர்வது வாசல் பெருக்கும் ஓசையோடுதான். என் மகள் செண்பகம் ஈர்க்குமாற்றைக் கையில் எடுத்துக் கோயிலின் முன்வாசலைப் பெருக்கி, நீர் தெளித்து, கோலம் இட்ட பிறகே அடுப்பைப் பற்றவைப்பாள். அந்தச் சரசரப்பு என் தலைமாட்டுப் பக்கமிருந்து கேட்டே எனக்குப் பழக்கம். அன்று அது கால்மாட்டுப் பக்கமிருந்து, கோயிலின் பின்புறத்திலிருந்து கேட்டது.

பின்புறத்தில் பெருக்குவதற்கு என்ன இருக்கிறது? அங்கே எவரும் கால் வைப்பதில்லை. வைக்க நான் விட்டதில்லை.

வெறுங்காலோடு எழுந்து ஓடினேன். தரையைச் சுற்றி நான் கட்டியிருந்த தேங்காய்நார்க் கயிறு வயிற்றில் இடித்தபோதுதான் நின்றேன்.

சாம்பல் நிறத் தரையின் நடுவே, ஓர் ஆள் நடக்கும் அகலத்துக்கு, புதிதாகக் கீறிய காயம்போல் ஒரு சிவப்புக் கோடு. அது எங்கள் பின்கதவில் தொடங்கி, வேப்பமர நிழலைக் கடந்து, தரையின் கோடியிலுள்ள வாகனக் கொட்டிலின் கதவுவரை நேராகச் சென்றிருந்தது. கோட்டின் முனையில் செண்பகம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"காலடித் தடம் அப்படியே பதிஞ்சு கெடந்துச்சுப்பா. அதான் விடியறதுக்குள்ள பெருக்கிவிட்டுட்டேன். இப்ப ஒரு தடமும் இல்ல, பாருங்க."

தடம் இல்லைதான். பாதை இருந்தது.

அந்தக் கொட்டிலுக்குள்தான் அவள் கணவர் ஒளிந்திருந்தார்.

பெயர் எழுதாமல்

சென்ற வாரம் வரை படகுத்துறையில் நான் வேலை பார்த்த காலத்தை எழுதிவந்தேன். இவ்வாரம் அண்மைக்கு வருகிறேன். நடந்து நெடுங்காலம் ஆகாத செய்தி இது. ஆகையால் கோயிலின் பெயரையும் தெருவின் பெயரையும் எழுதப்போவதில்லை. ரங்கூனில், க்யிம்யிண்டைங் சந்தைக்கு அப்பால், ரயில்பாதையை ஒட்டிய செம்மண் மேட்டில், அந்நாளைய ரயில்வேத் தொழிலாளர்கள் கட்டிய ஒரு சிறிய அம்மன் கோயில் என்ற அளவில் வாசகர்கள் அறிந்தால் போதும். அதன் பொறுப்பைப் பார்த்துக்கொண்டு, பக்கத்திலேயே உள்ள ஓட்டு வீட்டில் நானும் மகளும் வாழ்கிறோம். செண்பகம் என்பதும் மாற்றுப் பெயரே. மாப்பிள்ளைக்கு மாற்றுப் பெயர் சூட்டவும் மனம் துணியவில்லை. மாப்பிள்ளை என்றே எழுதுகிறேன்.

அவர் நகரின் மறுகோடியில், பசுந்தாங் பகுதியில், ஒரு சிறு பட்டறையில் மின்விசிறிக்கும் நீரேற்றும் மோட்டாருக்கும் கம்பி சுற்றுகிற தொழிலாளி; வேலை நாள்களில் அங்கேயே தங்கிவிடுவார். வாய் திறந்து நாலு வார்த்தை பேசமாட்டார். திருமணமான இத்தனை ஆண்டுகளில் என்னிடம் அவர் பேசியதெல்லாம் "சாப்ட்டீங்களா மாமா" என்பதும் "கரண்ட் வந்துருச்சு மாமா" என்பதும்தான். படைக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கும் குலுக்கலில் அவர் பெயர் விழுந்தது. விழுந்த செய்தி பட்டறைக்கு வந்து சேர்ந்த அன்று நண்பகலில், சந்தைக் கூட்டத்தோடு கூட்டமாக, தலையில் முட்டைக்கோசுக் கூடையுடன் சுமைகூலியைப் போல எங்கள் பின்கதவில் வந்து நின்றார்.

"ரெண்டு நாளைக்கு மட்டும், மாமா," என்றார்.

இரண்டு நாள் என்றது வாரக்கணக்காயிற்று. பேருந்துகளை நிறுத்தி இளைஞர்களை இறக்கிச் சோதிக்கிறார்கள் என்று தினமும் ஒரு செய்தி வந்தது. அவரை வெளியே அனுப்ப வழி இல்லை. உள்ளே வைத்துக்கொள்ளத் துணிவும் இல்லை. கொட்டிலில் மரச்சிங்கம், மரக்குதிரை, மயில் என்று திருவிழா வாகனங்கள் துணி போர்த்தி நிற்கும். அவர் சிங்கத்தின் வயிற்றுக்கடியில் பாய் விரித்துப் படுத்தார். சுவரோரமாகக் கொட்டிலுக்குச் செல்லும் பழைய செங்கல் பாதையைப் பக்கத்து அடுக்குமாடியின் பால்கனிகள் நேராகப் பார்க்கின்றன. ஆகவே செண்பகம் எனக்குச் சொல்லாமல் வேப்பமர நிழலில், தரையின் நடுவே நடந்து, பானைக்குள் சோற்றை மறைத்து எடுத்துச் சென்றாள். அவரும் விடியற்காலையில் அவ்வழியே வீட்டுக்கு வந்து திரும்பினார்.

அந்நாள்களில் எங்கள் காதுகள் நாய்க்காதுகள் ஆயின. ரங்கூனின் இப்பகுதிகளில் பொதுமக்கள் மோட்டார் சைக்கிள் ஓட்டத் தடை உண்டு. ஆகவே தெருவில் அந்த உறுமல் கேட்டால், வருபவர் அதிகாரம் உள்ளவர் என்பது குழந்தைக்கும் தெரியும். அது கேட்கும்போதெல்லாம் செண்பகத்தின் கை எந்த வேலையில் இருந்ததோ அந்த நிலையிலேயே நின்றுவிடும். மாவு பிசையும் கை மாவுக்குள்ளேயே நிற்கும். ஓசை தேய்ந்த பிறகே விரல்கள் அசையும்.

கல்பாசியின் உறவு

இங்கே அந்தத் தரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பிரியாணிக்கும் குருமாவுக்கும் போடுகிற கல்பாசியை வாசகர்கள் அறிவார்கள். கருகிய இலைத் துணுக்கைப் போல, பார்ப்பதற்கு ஒன்றுமில்லாதது. எண்ணெயில் விழுந்ததும் வீடே மணக்கும். அது பாசியும் அன்று, பூவும் அன்று. காளானும் பாசியும் ஒரே உடலாகக் கூடி வாழும் குடித்தனம். காளான் வீடு கட்டுகிறது. பாசி வெயிலில் சமைக்கிறது. ஒன்றை விட்டு மற்றொன்று அவ்விடத்தில் பிழைக்காது. ஆங்கிலத்தில் லைக்கன் என்கிறார்கள். கல்பாசி மரத்திலும் கல்லிலும் வளர்வது. அதன் உறவுக்காரர்களில் சிலர் வெறும் மண்ணிலே குடியேறுவார்கள். எங்கள் பின்புறத் தரையில் இருந்தவர்கள் அவர்கள்.

இதையெல்லாம் எனக்கு எந்தக் கல்லூரியும் கற்பிக்கவில்லை. நான் சிறுவனாக இருந்தபோதே எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடம் மூடப்பட்டது. அதன்பின் எனக்குத் தமிழ் கற்பித்தவை கடைப் பொட்டலம் சுற்றிவந்த தாள்களும் இதுபோன்ற வார இதழ்களுமே. நகரின் நடுவே, கியாக்டடாப் பகுதியின் நடைபாதைக் கடை ஒன்றில் அட்டை கிழிந்த தாவர நூல் ஒன்றையும், விளிம்பு உடைந்த பூதக்கண்ணாடி ஒன்றையும் வாங்கினேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்நூலைப் படித்து முடிக்க எனக்குப் பல மழைக்காலங்கள் ஆயின.

கண்ணாடி வைத்துக் குனிந்து பார்த்தால் அது ஒரு காடு. அரிசி உயரத்தில் சாம்பல் பச்சைக் காம்புகள், ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு சின்னஞ்சிறு கிண்ணம். அவற்றினிடையே கருகிய அப்பளத் துண்டுகள் போன்ற கறுப்புச் சுருள்கள். கோடையில் எல்லாம் செத்தவைபோல் கிடக்கும். ஒரு கை நீர் தெளியுங்கள். நீங்கள் நிமிர்வதற்குள் சாம்பல் பச்சையாகும், கறுப்புச் சுருள்கள் கூழ்போல் உப்பும். அவற்றின் அடியில் கண்ணுக்குத் தெரியாத இழைகள் மண்துகள்களைப் பிடித்துக் கட்டியிருக்கும். எங்கள் ஊர் மழை மண்ணை அடித்துச் செல்லும் மழை. மேட்டின் மற்றப் பகுதிகளிலிருந்து ஆண்டுதோறும் சிவப்பு நீர் ரயில்பாதைக்கு ஓடும். எங்கள் தரையிலிருந்து ஓடும் நீர் தெளிந்திருக்கும். அந்தக் கறுப்புச் சுருள்கள் காற்றிலிருந்தே உரச்சத்தை எடுத்து மண்ணுக்கு ஊட்டுகின்றன என்றும் அந்நூலில் படித்தேன். பிறகு வரப்போகும் புல்லுக்கும் செடிக்கும் அவை சமைத்து வைத்துவிட்டுக் காத்திருக்கின்றன.

அவற்றுக்கு ஒரே பகை, கால். கோடையில் மிதித்தால் நொறுங்கும். நொறுங்கியது மீளுவதோ மிக மெதுவாக. பெரும்புயல் அடித்த ஆண்டில் விழுந்த ஒரு மரத்தை அத்தரையின் மூலையில் இழுத்துச் சென்றார்கள். அதன் தழும்பு எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகும் வெளிறிய வரியாகத் தெரிந்தது. அதைப் பார்த்த பிறகுதான் கயிறு கட்டினேன். ஆட்டை விரட்டினேன், பந்து எடுக்க வந்த பிள்ளைகளை விரட்டினேன், கோயிலுக்கு வந்த பெரிய மனிதர்களையும் சுற்றிப் போகச் சொன்னேன். எனக்குப் பின்னால் என்னைப் "பாசிக்கிழவர்" என்று அழைத்தார்கள் என்பதை நான் அறிவேன்.

காலடித் தடம் என்றால் ஆங்காங்கே நொறுங்கிய திட்டுகள். கூர்ந்து பார்ப்பவர் கண்ணுக்கே அவை தெரியும். துடைப்பம் பட்டதும் திட்டுகளுக்கிடையே மிச்சமிருந்ததும் பெயர்ந்து, அடியிலிருந்த செம்மண் ஒரே கோடாக வெளியே வந்துவிட்டது. அழுக்கு என்றால் பெருக்க வேண்டும், பெருக்கினால் சுத்தமாகும் என்று நூறு தலைமுறையாக நம் பெண்களின் கைக்குத் தெரிந்ததை அவள் கையும் செய்தது. அவளைக் கடிந்துகொள்ள எனக்கு நா எழவில்லை.

"ரோடு போட்டாச்சா?"

வெயில் ஏறும் நேரத்தில் காசிம் பாய் வந்தார். சந்தையில் மளிகைக் கடை வைத்திருப்பவர். கற்பூரமும் நெய்யும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஒரு டீ குடித்து, என்னைக் கிண்டல் செய்துவிட்டுப் போவது அவர் வழக்கம்.

பின்கட்டில் நின்று வெற்றிலையைத் துப்பக் குனிந்தவர், அப்படியே நிமிர்ந்தார்.

"அடடே! என்ன அண்ணே, பின்னாடி ரோடு போட்டாச்சா? பஸ் எப்ப விடுறீங்க?"

அது வேடிக்கைப் பேச்சு. ஆனால் உள்ளே பாத்திரம் ஒன்று கீழே விழுந்து உருண்டது. செண்பகம் அதை எடுக்கவில்லை. அது தானாகச் சுழன்று அடங்கும்வரை மூவரும் அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பாய் கோட்டைப் பார்த்தார். கொட்டிலைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். அவருடைய சிரிப்பு மெல்ல இறங்கியது.

"அண்ணே," என்றார் தணிந்த குரலில், "நான் ஒண்ணும் கேக்கல. ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போறேன். டீக்கடையில பேசிக்கிட்டாங்க. நாளைக்குக் காலையில வார்டுக்காரங்க இந்தத் தெருவுக்கு வர்றாங்களாம். வீடு வீடா."

"நாளைக்கா?"

"நாளைக்கு. வெள்ளிக்கிழமை." அவர் செருப்பை மாட்டிக்கொண்டே மீண்டும் அந்தக் கோட்டைப் பார்த்தார். "என் கண்ணுக்கே தெரியுதே அண்ணே. எனக்குக் கண்புரை."

சாம்பலும் நீரும்

அவர் சென்றபின் நாங்கள் செய்ததெல்லாம் அச்சத்தில் செய்தவை.

சாம்பல் நிறம் போயிற்றல்லவா, சாம்பலையே போட்டு மறைப்போம் என்றாள் செண்பகம். அடுப்புச் சாம்பலை அள்ளி வந்து கோட்டின்மேல் தூவினோம். சிவப்புப் பாதை வெள்ளைப் பாதையாயிற்று. முன்பு நாலு வீட்டுக்கு மட்டும் தெரிந்தது இப்போது ஆற்றங்கரைக்கே தெரியும் போலிருந்தது.

அதைக் கழுவிவிட நீர் ஊற்றினோம். அதுதான் பெரும் பிழை. நீர் பட்ட மாத்திரத்தில் பாதையின் இருபுறமும் என் லைக்கன்கள் உயிர் பெற்றுப் பச்சைப் பசேலென்று விழித்துக்கொண்டன. நடுவில் ஈரச் செம்மண் இன்னும் கருஞ்சிவப்பாக எழுந்தது. எத்தனையோ முறை அந்தப் பச்சையைப் பார்த்துப் பூரித்தவன் நான். அன்று அவை வாய் திறந்து காட்டிக்கொடுப்பவைபோல் எனக்குத் தோன்றின.

கொட்டிலின் கதவிடுக்கில் மாப்பிள்ளையின் குரல் கேட்டது. "மாமா, நான் போயிடறேன். உங்களுக்கு வேணாம் இந்தத் தொல்லை."

"எங்கே போவீர்கள்?"

கதவுக்கு அப்பால் அவர் மூச்சு மட்டும் கேட்டது. வேகமாக, ஆழமில்லாமல், காய்ச்சல்காரர் மூச்சைப்போல.

செண்பகம் தரையிலேயே அமர்ந்துவிட்டாள். "நான்தான் காட்டிக் குடுத்துட்டேன்பா. என் கையாலயே கோடு போட்டு, இங்க இருக்காருன்னு காட்டிட்டேன்."

நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாதையை அழிக்க முடியாது. அது ஆறப் பல ஆண்டுகள் வேண்டும். எங்களுக்கு இருந்ததோ ஒரு மாலைப்பொழுது. பாதை தெரிவதற்குக் காரணம் பாதை அன்று, அதன் இருபுறமும் மிதிபடாமல் கிடக்கும் தரை என்பது அப்போது எனக்கு விளங்கியது.

"அம்மா செண்பகம், எழுந்திரு. வீடு வீடாகப் போய்ச் சொல். நாளைக் காலை அம்மனுக்குப் பொங்கல். எல்லாரும் பானையோடு வர வேண்டும். பொங்கல் வைப்பது பின்புறத் தரையில்."

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "அந்தத் தரையிலயாப்பா? ஒரு ஆட்டைக்கூட விடமாட்டீங்களே."

"போ அம்மா."

கயிறு அவிழ்ந்தது

காலையில் நானே கயிற்றின் முடிச்சுகளை அவிழ்த்தேன். பழைய முடிச்சுகள். நகம் பெயர்ந்தது.

பெண்கள் வந்தார்கள். கன்னத்தில் தனக்கா மரப்பட்டைப் பூச்சும் நெற்றியில் குங்குமமுமாக, இடுப்பில் பானையும் கையில் செங்கல்லுமாக வந்தார்கள். கயிறு இல்லாததைக் கண்டு வாசலிலேயே தயங்கி நின்றார்கள்.

"உள்ள வரலாமா, இல்ல இது கனவா?" என்றார் டோ கமலா. எங்கள் கோயிலின் பெண்கள் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். நகரத்தில் பாதிப் பேர் அவரைப் பர்மிய மரியாதையோடு டோ கமலா என்கிறார்கள், மீதிப் பேர் கமலாக்கா என்கிறார்கள். "ஏன்டி, அய்யாவுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா? பாசியை மிதிக்கச் சொல்லிப் பாசிக்கிழவரே கூப்புடுறாகளே!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்ததாக நினைவு.

பிறகு அவர்கள் நடந்தார்கள். அந்த ஓசையை எப்படி எழுதுவது? முறுக்குத் தட்டின்மேல் ஒரு கூட்டம் நடந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அடுப்புக்குக் கல் கூட்டினார்கள், விறகை இழுத்தார்கள், பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடினார்கள். நான் இளைஞனாக இருந்தபோது துளியாகப் பார்த்து, முதியவனானபோது விரிப்பாகக் கண்ட காடு, அடுப்புப் புகை எழுவதற்குள் சிவந்த புழுதியாயிற்று. பாதை எங்கே என்று தேடினேன். எனக்கே தெரியவில்லை.

அந்த நிம்மதி நீடிக்கவில்லை. டோ கமலா கொட்டிலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.

"அய்யா, சாவியக் குடுங்க. பெரிய அண்டா உள்ளதான இருக்கு?"

அன்று விடியலில் வெளியே பூட்டிய சாவி என் இடுப்பில் இருந்தது. "பூட்டுத் துருப்பிடித்துவிட்டது, கமலா. திறக்க வரவில்லை."

"துருப்பிடிச்சுச்சா? போன பௌர்ணமிக்கு நல்லாத்தான தெறந்துச்சு. குடுங்க, நான் ரெண்டு ஒதை விட்டாத் தெறந்துக்கும்." கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

அவருக்குப் பின்னால் செண்பகம் விறகுக் கட்டை அணைத்தபடி உறைந்து நிற்பது தெரிந்தது. டோ கமலா என் பார்வை போன வழியே திரும்பி அவளைப் பார்த்தார். செண்பகத்தின் உதடு வெளுத்திருந்தது. டோ கமலா நீட்டிய கையை மெல்ல மடக்கி, முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

பிறகு கூட்டத்தைப் பார்த்து உரத்த குரலில் கத்தினார். "ஏ புள்ளைகளா! கொட்டில் பக்கம் ஒருத்தியும் போகக் கூடாது! பூரான் மொய்க்குதாம். இந்தா, இம்மாம் பெரிய பூரான். அய்யாவே பயந்து நிக்கிறாக பாருங்க!"

பிள்ளைகள் அலறிக்கொண்டு விலகினார்கள். அதன்பின் பொங்கல் முடியும்வரை அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

ஊ லா நின்ற இடம்

வார்டுத் தலைவரை ஊ லா என்று வைத்துக்கொள்வோம். இருவரை உடன் அழைத்துக்கொண்டு, பானைகள் பொங்கி வழியும் நேரத்தில் நடந்து வந்தார். பெண்கள் அவருக்கு இலையில் பொங்கல் வைத்துக் கொடுத்தார்கள், பிள்ளைகள் பூரான் கதையைச் சொன்னார்கள். உடன் வந்தவர்கள் வீட்டுக்குள் சென்று கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்துவிட்டு, அவர்களும் இலையோடு அமர்ந்தார்கள். எனக்குள் ஏதோ ஒன்று தளர்ந்தது.

ஊ லா அமரவில்லை. நின்றபடியே உண்டுகொண்டு தரையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னருகே வந்தார். அவர் பேசியது பர்மியத்தில். தமிழில் தருகிறேன்; அபா என்பது முதியவரை அழைக்கும் சொல்.

"அபா, போன வருஷம் மின்கம்பம் பாக்க வந்தேனே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கிறது."

"இந்தத் தரையில என்னை நடக்க விடல. சுத்திப் போகச் சொன்னீங்க. உயிருள்ள தரைன்னு சொன்னீங்க. ஒரு கண்ணாடியக் குடுத்துக் குனிஞ்சு பாக்கவும் வெச்சீங்க." இலையிலிருந்த முந்திரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "இன்னைக்கு ஊரையே விட்டு மிதிக்க வெச்சிருக்கீங்க. ஏன்?"

நான் எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்திருந்தேன். இதை எண்ணவில்லை. பாதையை மறைத்துவிட்டேன். அத்தரைமேல் நான் வைத்திருந்த அன்பு ஊரறிந்தது என்பதை மறந்துவிட்டேன். கொட்டிலுக்குள் இருமல் ஏதும் எழுந்துவிடுமோ என்று என் முதுகே காதாகி நின்றது.

"உயிருள்ளதுதான்," என்றேன். என் குரல் எனக்கே வேறொருவர் குரல்போல் கேட்டது. "அதனால்தான் அம்மனுக்குக் கொடுத்தேன்."

"தானமா?"

"தானம்தான்."

அவர் தலையசைத்தார். அது ஏற்றுக்கொண்ட அசைவா, எடைபோட்ட அசைவா என்று எனக்குப் புலப்படவில்லை. "கை கழுவணும்," என்றார். தண்ணீர்த் தொட்டி கொட்டிலின் படியருகே இருக்கிறது. நான் செம்பில் மொண்டு வருகிறேன் என்று சொல்வதற்குள் அவர் நடந்துவிட்டார்.

தொட்டியருகே நின்று கழுவினார். கழுவி முடித்த பின்னும் நகரவில்லை. ஈரக்கை சொட்டச் சொட்ட, படியோரத்தில் தரையைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். கதவு அவர் தோளுக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. பொங்கல் பானையருகே குலவை எழுந்தது. உடன் வந்தவர்களில் ஒருவர் எழுந்து, கொட்டிலைக் காட்டி, "அங்க என்ன அறை?" என்று கேட்டார்.

ஊ லா நிமிர்ந்தார். "சாமி பொம்மைங்க," என்றார். "பூரான் வேற இருக்காம். வா, நேரமாச்சு."

என்னைக் கடந்து போகும்போது நடையை நிறுத்தாமலே சொன்னார்: "மழைக்கு முன்னாடி ஏதாவது செய்ங்க, அபா. கட்டிப் பிடிச்சிருந்தது போயிடுச்சுன்னா மண்ணு இங்க நிக்காது."

அவர் அறிந்து சொன்னாரா, அறியாமல் சொன்னாரா என்று எனக்கு விளங்கவில்லை. மண்ணைத்தான் சொன்னாரோ என்று பல நாள் குழம்பினேன்.

கூடை

மழைக்கு முன் மாப்பிள்ளை புறப்பட்டார். எப்படி, யாருடன், எந்த வழியாக என்பவற்றை எழுதமாட்டேன். புறப்படும்போது என் காலைத் தொட்டுவிட்டு, "சாப்ட்டுக்கங்க மாமா" என்றார். எல்லையைத் தாண்டிவிட்டதாக ஒரே ஒரு முறை செய்தி வந்தது. அதன்பின் வரவில்லை.

மழை வந்தது. ஊ லா சொன்னபடியே ஆயிற்று. முதல் வாரத்திலேயே எங்கள் தரை சிவப்பு நீராக ரயில்பாதைக்கு ஓடியது. வேப்பமரத்தின் வேர்கள் வெளியே தெரிந்தன. நான் புல் விதை தூவினேன், விதையும் சேர்ந்து ஓடியது. கயிற்றை மீண்டும் கட்டியிருக்கிறேன். உள்ளே காப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை.

ஒரே ஓர் இடத்தில் தவிர.

மழை விட்ட ஒரு காலையில் கொட்டிலின் படியருகே, தொட்டியின் பக்கமாக, ஒரு கைக்குட்டை அகலத்துக்குப் பச்சை தெரிந்தது. செண்பகத்தின் துடைப்பம் கதவோடு நின்றுவிட்டது. டோ கமலாவின் பூரானுக்கு அஞ்சி எந்தக் காலும் அங்கே வரவில்லை. அந்தத் துண்டு மட்டும் பிழைத்திருந்தது. கண்ணாடியை எடுத்துக்கொண்டு குனிந்தேன்.

கண்ணாடி தேவைப்படவில்லை. பச்சையின் நடுவே இரண்டு சிவப்புத் தடங்கள் இருந்தன. வளர்ந்த ஓர் ஆணின் வெறுங்கால்கள். விரல்கள் ஐந்தும் எண்ணிவிடலாம். முகம் கழுவ வெளியே வந்தவர் திரும்பிக் கதவை நோக்கி நின்ற தடம்.

ஊ லா கை சொட்ட நின்றது அந்தப் பச்சையின் ஓரத்தில்தான். அவர் குனிந்து பார்த்தது எதை என்று எனக்கு அன்று தெரிந்தது. மழை பெய்து குளிர்ந்திருந்த அந்தக் காலையில் எனக்கு வியர்த்தது.

ஊ லா இப்போது அப்பொறுப்பில் இல்லை. புதிதாக வந்திருப்பவர் நடந்து வருவதில்லை, மோட்டார் சைக்கிளில் வருகிறார். மாப்பிள்ளை எங்கே என்று இருமுறை கேட்டுவிட்டார். தெருமுனையில் உறுமல் கேட்டதும் செண்பகம் மூங்கில் கூடையை எடுத்துக்கொண்டு ஓடி, அந்தத் தடங்களின்மேல் கவிழ்த்துவிட்டு, படியில் உட்கார்ந்து கீரை ஆய்வதுபோல் ஆய்வாள். ஓசை போனதும் கூடையை எடுத்துத் தடங்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பாள்.

சென்ற வாரம் ஒருநாள் அப்படி அவள் கூடையை எடுத்தபோது நான் சொன்னேன். "அம்மா, ஒரு கூடை மண்ணை அள்ளிப் போட்டு மூடிவிடலாம். எனக்கு அச்சமாக இருக்கிறது."

அவள் தடங்களிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "இது ஆறி மூட எத்தன வருஷம் ஆகும்னு சொன்னீங்கப்பா?"

"பல வருஷம் ஆகும்."

"அப்படின்னா அதுக்குள்ள வந்துருவாரு."

தெருமுனையில் அந்த ஓசை திரும்பி வந்தது. அவள் கூடையைக் கவிழ்த்துவிட்டுக் கீரையை மடியில் எடுத்துக்கொண்டாள்.